போர் தண்ணீர் சிவக்கிறது. நெல்லில் ஆர்சனிக் ஏறுமா?

கேள்வி: ஐயா, பண்ருட்டி அருகே நவரை நெல்லும் கொய்யாவும் வைத்திருக்கிறேன். போர் தண்ணீர் தெளிவாக வந்து, தொட்டியில் சற்று நேரத்தில் சிவக்கிறது. கொய்யாவின் சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தால் அரிசியிலும் ஏறும் என்கிறார்கள். அதையும் எடுத்துவிடும் என்று கடைக்காரர் ஒரு காந்தக் கருவியைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குழாய்மேல் மாட்டும் காந்தம் கரைந்த ஆர்சனிக்கை எடுக்காது. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

சிவப்பு, இரும்பினால் வருவது. காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே டிரிப்பர் அடைக்கத் தொடங்கும். தண்ணீரை உயரத்திலிருந்து தொட்டியில் விழவிட்டு, தெளியவைத்து, மணல் வடிகட்டி வழியே அனுப்புங்கள்.

ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் அது ஆற்று வண்டலிலிருந்தே நீரில் கலந்தது. உங்கள் போரில் உண்டா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். வழக்கமான பாசன நீர்ப் பரிசோதனையில் அது வராது, தனியாகக் கேளுங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

முடிவு எப்படி வந்தாலும் வயலில் ஓயாமல் தண்ணீர் கட்டுவதை நிறுத்துங்கள். மண்ணிலுள்ள துரு ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும். வாரக்கணக்கில் நீர் நின்றால் காற்றில்லாமல் துரு கரைந்து, பிடித்திருந்ததை வேருக்கு விட்டுவிடும். வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது, அதாவது காய்ச்சலும் பாய்ச்சலும் என்று தாத்தாக்கள் சொன்னதுதான் மருந்து. மின்சாரம் இலவசம் என்பதால் நமக்கு மோட்டாரை அணைக்க மனம் வருவதில்லை. வரப்பு முட்ட நீர் நிற்பதில் ஒரு கௌரவம் வேறு! நடவு செய்து இரண்டு வாரம் கழித்து, கீழ்ப்பாதியில் துளையிட்ட ஓரடி பிவிசி குழாயைப் பாதியளவு சேற்றில் இறக்கி, உள்மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்கட்டும்.

நெல்லைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டுக் குடிநீரும் அதே போரா? எழுதவில்லையே! குடிநீரில் ஆர்சனிக் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அறிக்கை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். நல்ல தண்ணீரில் உலை வைத்துக் கஞ்சி வடித்தால் அரிசியிலுள்ள ஆர்சனிக்கும் ஓரளவு போகும். குக்கர் சோற்றில் அப்படியே தங்கிவிடும்.

மாதிரி எடுக்கும் நாளில் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் பாட்டிலிலேயே பிடியுங்கள். பழைய மருந்து பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள்.