டெய்லர் வீட்டுப் பூர்வீகம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏற்காட்டில் நாங்கள் நடத்தும் விடுதியில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி வந்து தங்கினார்கள். கணவரின் குடும்பப் பெயர் டெய்லர். அவருடைய கொள்ளுத்தாத்தா இந்த மலையில் காப்பித் தோட்டம் பார்த்தவராம். பூர்வீகத்தை எங்கே தேடுவது என்று என்னைக் கேட்டார். டெய்லர் என்றால் தையல்காரர் வம்சம்தானே?
– வாசகி, ஏற்காடு

பதில்: தையல்காரர்தான் அம்மணி. ஆனால் அவர் அறுநூறு, எழுநூறு வருசத்துக்கு முந்திய தையல்காரர். 1066-ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு குடும்பப் பெயர் மெல்ல மெல்லப் பழக்கத்துக்கு வந்தது. 1400 வாக்கில் பெரும்பாலானவர்களுக்கு நிலைத்தும் விட்டது. கொல்லுப்பட்டறைக்காரர் ஸ்மித், மாவு மில் வைத்திருந்தவர் மில்லர், ஜானுடைய மகன் ஜான்சன், குன்றோரம் குடியிருந்தவர் ஹில், ஆள் குட்டையாக இருந்தால் ஷார்ட். ஊருக்கு ஊர் தையல்காரர் இருந்தாரல்லவா? அதனால் டெய்லர்கள் எல்லாரும் பங்காளிகள் இல்லை. பெயரை மட்டும் நம்பிக் கிளம்பினால் யாரோ ஒரு டெய்லர் வீட்டுத் திண்ணையில் போய்த்தான் உட்கார வேண்டும்.

நான் பத்திரப்பதிவு ஆபீசில் காலம் தள்ளியவன். கையில் இருக்கிற கடைசிப் பத்திரத்தில் பிடித்துத்தான் மூலப்பத்திரத்துக்குப் போவோம். உங்கள் விருந்தாளியும் அப்படியே போகட்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அரசுப் பதிவில் இருக்கின்றன. பிறப்புச் சான்றில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். அதை வைத்து அப்பா அம்மாவின் கல்யாணச் சான்றைத் தேடலாம்.

அந்தக் கல்யாணச் சான்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே தாளில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய தகப்பன் பேரும் தொழிலும் வந்துவிடும். தகப்பன் காலமாகியிருந்தால் பெரும்பாலும் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். வயதுக் கட்டத்தில் எண் இல்லாமல் ‘முழு வயது’ என்றிருந்தால் 21 நிரம்பியவர் என்று மட்டும்தான் அர்த்தம். அது 22-ஆகவும் இருக்கலாம், 50-ஆகவும் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கு. 1841 முதல் வீடு வீடாகப் பேரோடு கிடைக்கிறது. 1851 முதல் பிறந்த ஊரையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஊர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ஊர்த் தேவாலயத்துப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியதுதான். 1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவால் தொடங்கிய ஏடுகள் அவை. எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது தப்பிப் பிழைக்கவில்லை. 1921 கணக்கு 2022-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1931 கணக்கு 1942-ல் தீயில் போய்விட்டது, 1941-ல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை.

கொள்ளுத்தாத்தா இங்கே இருந்த காலத்துக்கு லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரிதான் கதி. மதராஸ் மாகாணத்துப் பாதிரிமார்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி நகல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். லண்டனில் இருந்தபடி இந்தியாவை நிர்வகித்த இந்தியா ஆபீசின் ஆவணங்களில் என்/2 என்ற வரிசை அதுதான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வரியில் தகப்பன் தொழிலும் இருக்கும்.

ஒன்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்: பூர்வீகம் இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா? உங்கள் ஊருக்குக் காப்பி கொண்டுவந்தவர் என்று பேர் வாங்கிய சேலம் கலெக்டர் காக்பர்ன் ஸ்காட்லாந்துக்காரர். அங்கே அரசுப் பதிவு தொடங்கியதே 1855-ல்தான், ஆபீசும் வேறு. ‘காக்பர்ன்’ என்று நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அந்தப் பேரை அவர்கள் ‘கோபர்ன்’ என்பார்கள். காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தா அங்கேயும் உண்டு என்பதால் எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுத் தேட வேண்டும்.

கேள்வி: நம்மில் ஒரே கூட்டத்துக்குள் (குலத்துக்குள்) பெண் எடுப்பதில்லை. அவர்கள் ஒரே குடும்பப் பெயருக்குள் கட்டிக்கொள்வார்களா?
– வாசகர், காங்கேயம்

பதில்: தாராளமாக. காடைக் கூட்டத்துக்குக் காடை, ஆந்தைக் கூட்டத்துக்கு ஆந்தை பங்காளி என்கிற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. பெரியப்பன், சித்தப்பன் பிள்ளையைக் கட்டினாலும் சட்டம் தடுக்காது. நமக்கோ அது அண்ணன் தங்கச்சி. ஆனால் அக்கா மகளைக் கட்டுவது அங்கே ஆகவே ஆகாது! விக்டோரியா மகாராணி கட்டியது தாய்மாமன் மகன் ஆல்பர்ட்டை. டார்வின் கட்டியது தாய்மாமன் மகள் எம்மாவை. இந்த இரண்டு கல்யாணத்துக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் முறை சரிதான் என்றே சொல்லியிருப்பார்கள்.

ஒரே பேர் ஒரே ரத்தமா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தம் பெயரே கொண்ட ஆண்களிடம் தகப்பன் வழியாக மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைச் சோதித்து 2000-ல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே அமைப்பு வந்தது. யார்க்‌ஷயர் பக்கத்து அவ்வளவாகப் பரவாத பெயருக்கே இந்தக் கதி என்றால் டெய்லருக்கும் ஸ்மித்துக்கும் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் பிரப் ரோடு யார் பேரில் வந்தது?
– வாசகர், ஈரோடு

பதில்: ஈரோட்டில் ஊழியம் செய்த பாதிரியார் ஏ. டபிள்யூ. பிரப் பேரில். வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து; பேர் மட்டும் இங்கிலாந்து. கோட்டை இருந்த இடத்துக்கு அங்கே அந்தப் பேர், அதே பேரில் ஊர்களும் பல உண்டு. கோவை கலெக்டராக இருந்து ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் பெயரோ அயர்லாந்துடையது. அயர்லாந்து வேரைத் தேடுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பல்.

கேள்வி: எங்களிடம் பனியன் வாங்கும் இங்கிலாந்துக்காரர் தம் குடும்பப் பெயருக்கு உரிய சின்னம் என்று ஒரு கேடயப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அது உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: சந்தேகம்தான். இங்கிலாந்தில் அந்தக் கேடயம் ஓர் ஆளுக்குக் கொடுப்பது. அவருடைய நேர் வாரிசுகளுக்குப் போகும். அதே பேர் வைத்த எல்லாருக்கும் சொந்தமில்லை. இதைக் கவனிக்கவே 1484 முதல் லண்டனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இருக்கிறது. பேரைச் சொன்னால் படம் அச்சடித்துத் தருகிற கடைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் இதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டரைப் பேசுங்கள்.