மனச்சோர்விலிருந்து மீண்டு வரும்போது இணையத்தில் ஆதரவான குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

மனப்பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை, இணையத்தில் நல்ல குழு கிடைக்குமா என்று பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் உறங்கிய பிறகு, போர்வைக்குள் கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு இதைத் தட்டச்சு செய்திருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தேடினேன். இந்தத் தளத்தில் படித்துவிட்டு மட்டும் போகிற வழக்கமுள்ளவள், இதற்கு மட்டும் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

நான் மருத்துவர் அல்ல, மனநல ஆலோசகரும் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். லைன் வீட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் லைனில் ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள், நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் எங்கள் அடுப்பில் வெடித்ததுபோல் கேட்கும். இரவில் அங்கே விம்மி அழுதால், மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது நான்கு பேராவது காரணம் விசாரிப்பார்கள். வெளியே போய்ப் பேசலாம் என்றால், இருட்டிய பிறகு யானைக்குப் பயந்து யாரும் முற்றத்தைத் தாண்டுவதில்லை. சத்தமில்லாமல் பேச எனக்கு வாய்த்த ஒரே வழி எழுத்துதான். ஆகவே, ‘இணையமே நோய், அதை விட்டுவிட்டு மனிதர்களோடு பழகு’ என்று பின்னூட்டம் எழுத வருகிறவர்கள், யார் யாருக்கு எந்த நேரத்தில் எந்த மனிதர்கள் கிடைக்கிறார்கள் என்பதையும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீலகிரி என்று சொன்னவுடன் ‘அந்தக் குளிரில், அந்தப் பச்சையில் இருப்பவர்களுக்கு என்ன மனச்சோர்வு’ என்று கேட்காத சமவெளிக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆடி மாதம் தேவாலாப் பக்கம் வந்து ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். துணி காயாது, வெயில் தெரியாது, மின்சாரம் இருக்காது. பேருந்தில் இரண்டு நாள் வந்து போகிறவர்களுக்குக் காட்சியாக இருக்கும் மூடுபனி, உள்ளே ஏற்கெனவே இருண்டு கிடப்பவளுக்கு வேறு விதமாக இருக்கும்.

கோயம்புத்தூரில் கணக்கு வேலையில் இருந்தபோதுதான் எனக்குப் பதற்றம் தொடங்கியது. அங்கேயே ஒரு மருத்துவரைப் பார்த்து, மாத்திரையோடு 2020இல் வீடு திரும்பினேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்கு முன்பே குமட்டலும் தூக்கக் கலக்கமும் வந்துவிடலாம் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார். அந்த இடைவெளியில்தான் நான் முகநூலில் பல ஆயிரம் பேர் இருந்த ஒரு குழுவில் சேர்ந்து, ஒரு நள்ளிரவில் என் நிலைமையை நீளமாக எழுதினேன். விடிவதற்குள் அறுபதுக்கு மேல் பதில்கள் வந்திருந்தன. திருமணம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று எழுதிச் சிரித்தார் இன்னொருவர். 1794 முதல் நோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். தனிச் செய்தியில் வந்த ஒருவர், ஆங்கில மாத்திரை அடிமையாக்கிவிடும், உடனே நிறுத்திவிட்டு நான் தரும் சூரணத்தைச் சாப்பிடுங்கள் என்றார். விலையும் சொன்னார்.

நான் சூரணத்தை வாங்கவில்லை, ஆனால் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் வெட்டி இழுப்பதுபோல் இருந்தது. தலைசுற்றலில் தண்ணீர்க்குடத்தோடு விழுந்தேன். தொலைபேசியில் மருத்துவர் திட்டினார். இந்த மாத்திரைகள் போதைப்பொருள்போல் ஏங்க வைப்பவை அல்ல, ஆனால் உடல் பழகிய மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் செய்யும், நிறுத்த வேண்டிய காலம் வரும்போது நானே படிப்படியாகக் குறைப்பேன் என்று விளக்கினார். இந்தப் பத்தியை மட்டுமாவது நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தைப் பற்றி யாராவது அளவு சொன்னாலோ, நிறுத்தச் சொன்னாலோ, எதையாவது விற்றாலோ, அந்தக் குழுவிலிருந்து அன்றே வெளியேறுங்கள்.

அடுத்து ஆங்கிலத்தில் நடக்கும் பெரிய தளம் ஒன்றில் சில மாதங்கள் இருந்தேன். அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பதை நான் ஆங்கிலத்தில் எழுதியபோது, எல்லோரும் இதய மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

இப்போது நான் இருக்கும் குழு தேடலில் கிடைத்ததன்று. ஊட்டியில் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, தன் மகனுக்கு உதவியது என்று சொல்லி இணைப்பை அனுப்பினார். நீங்களும் உங்கள் மருத்துவரிடமோ, அங்குள்ள ஆலோசகரிடமோ, காத்திருப்பவர்களிடமோ முதலில் கேட்டுப் பாருங்கள் என்பேன். இருபத்துமூன்று பேர் கொண்ட டெலிகிராம் குழு அது. பெயரைச் சொல்ல மாட்டேன், விளம்பரம் என்பார்கள். அதைவிட, கூட்டம் சேர்ந்தால் அது கெட்டுவிடும். நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற செவிலியர், எங்கள் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். புதிதாக வருகிறவர் விரும்பும்வரை பேசாமல் இருக்கலாம், அனுமதி கேட்காமல் தனிச் செய்தி அனுப்பக் கூடாது, தற்கொலை எண்ணம் வந்தால் சொல்லலாம் ஆனால் வழிமுறையை எழுதக் கூடாது என்று சில விதிகள் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமில் அதை மறைத்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நம் விவரங்களைக் காக்கும் கடமையை மருத்துவர்கள், செவிலியர்கள் போன்றோர்மீது வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் செய்தியைத் திரைப்பிடி எடுக்கும் குழு உறுப்பினர் அந்தக் கடமைக்குள் வருபவரில்லை. ஊர்ப் பெயரையும் வீட்டாரின் பெயரையும் எழுதாதீர்கள். இங்கே நான் பந்தலூர் என்று எழுதியது என் துணிச்சல், உங்களுக்கு அறிவுரையன்று.

இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் அன்றைய மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை மட்டும் அனுப்ப வேண்டும், விளக்கம் தேவையில்லை. நான் தொடர்ந்து ஐந்து நாள் 2 அனுப்பியபோது, சிஸ்டர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்களோடு வரப்போவது யார்?” என்று மட்டும் கேட்டார். போகச் சொல்லியிருந்தால் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருப்பேன். யார் என்று கேட்டதால் ஒரு பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணி என்றேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஊட்டி போகும் வழியில் நடுவட்டம் வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே என்னோடு வந்தார். அதுவரை அவரிடம் நான் எதுவும் சொன்னதில்லை, பேருந்தில்தான் சொன்னேன்.

குழுவும் தூங்கும் நேரம் உண்டு. உயிரோடு இருக்கப் பிடிக்காத எண்ணம் வந்தால் ஒன்பது மணிக்காகக் காத்திருக்காமல் 14416ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவை அது, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நானும் ஒரு முறை அழைத்திருக்கிறேன், மழைச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்ற தைரியத்தில்.

சென்ற தென்மேற்குப் பருவமழையில் மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்து, நான்கு நாள் சிக்னல் இல்லை. ஐந்தாம் நாள் மாலை, தண்ணீர்த் தொட்டி மேட்டில் இரண்டு கோடு வரும் இடத்தில், கைப்பேசியை ரேஷன் சர்க்கரைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றபோது செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. முந்தைய நாட்களின் எண் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். நான்கு இரவும் என் பெயருக்கு எதிரே எண் இருக்க வேண்டிய இடத்தில், சிஸ்டர் ‘மழை’ என்று எழுதி வைத்திருந்தார். அன்று ஒன்பது மணிவரை அங்கே நிற்க முடியாது என்பதால், ஐந்தரை மணிக்கே 6 என்று அனுப்பிவிட்டு இறங்கி வந்தேன்.