குடி, மாத்திரை, ஊசி: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

என் கணவர் தினமும் குடிக்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று ஒரு மருந்து விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

வேண்டாம் அம்மா. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஒருவேளை அது, மதுவை உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மருந்தாக இருந்து, விஷயம் தெரியாமல் அவர் இரவு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர் என்றால் உயிரே போகலாம். அப்படி மயங்கிய ஒருவரை நள்ளிரவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு பல மாதங்கள் மனைவி கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அவர் சம்மதித்தால் இதே டைசல்ஃபிராம் நல்ல மருந்து. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலையில் உங்கள் கையாலேயே கொடுக்கலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும் என்பதை மட்டும் அவர் மறக்கக் கூடாது. இதைத் தவிர, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகளும் இருக்கின்றன. அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். பாதிப் பேர் வீட்டில் சிகிச்சை அப்படித்தான் தொடங்குகிறது.

19 வயது மகனின் பையில் வலி மாத்திரை அட்டையும் சிரிஞ்சும் கிடைத்தன. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் போலீஸ் வருமா? (ஒரு தந்தை, வடசென்னை)

இந்தப் பயத்தினாலேயே பலர் ஒரு வருடம் தாமதமாக வருகிறார்கள். போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கே பதிவாகியிருந்தாலும், அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அதற்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம். சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. இந்தப் பிரிவைப் பற்றி எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறோம்?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் டேபென்டடால் என்ற அபின் வகை வலி மாத்திரையாக இருக்கும். 2018-ல் அதே வகையைச் சேர்ந்த டிரமடால் மாத்திரையை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று என் வெளிநோயாளர் பிரிவில் டிரமடால் பெயரையே கேட்பதில்லை, பையன்கள் அடுத்த மாத்திரைக்குப் போய்விட்டார்கள். இது விழுங்குவதற்குச் செய்த மாத்திரை. நரம்பில் ஏற்றினால் அதிலுள்ள மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்த ஒரு பையனின் கையைப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி கெட்டிப்பட்டு, பக்கத்தில் சீழ்க்கட்டி. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி பயம் தனி.

நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, உடம்பெல்லாம் குடைச்சல், பேதி. இது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து அப்புறம்தான். சில வாரம் நிறுத்தியிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அந்த நிலையில் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலமானால் உடனே 108-ஐ அழையுங்கள். அதனால்தான் பத்து நாள் வார்டில் வைத்து அனுப்புவதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. குடைச்சலையும் ஆசையையும் அடக்க, நாக்கின் கீழ் வைக்கும் பியூப்ரினார்பின் மாத்திரையை மாதக்கணக்கில் தருகிறோம். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று கேட்பீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் மாதிரிதான் இதுவும். இதைச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் முடிக்கிறார்கள்.

அப்பா குடியை நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. கை நடுங்குகிறது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். (மகள், மதுரை)

இதைப் படித்த உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மதுவைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிர்கூடப் போகலாம். வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடாமல், முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணன் 90 நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு வந்து மறுபடி குடிக்கிறார். மூன்றாவது முறை சேர்ப்பதா? (வாசகர், ஈரோடு)

மறுபடி குடித்தார் என்றால் நோய் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்துமா திரும்பினால் யாரையும் திட்டுவதில்லையே. எந்த மையம் என்பதில்தான் கவனம் தேவை. 2022-ல் சென்னையில் ஒரு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தவர் அடித்தே கொல்லப்பட்ட வழக்கு நினைவிருக்கும். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார் என்று விசாரியுங்கள். ‘மூன்று மாதம் பார்க்கவே வரக் கூடாது’ என்றால் அங்கே விடாதீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோயாளிக்கும் பொருந்தும். ஆளை விட்டுத் தூக்கி வண்டியில் ஏற்றுவது சிகிச்சை ஆகாது.

எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டால் தீராதா? (வாசகர், கோவை)

விற்பவரைப் பிடிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேருக்கு என்ன வழி? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்ற விஷச் சாராயப்பொருள் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு தண்டனையைக் கடுமையாக்கினார்கள். சரி. கருணாபுரத்தில் காலையிலேயே சாராயம் தேவைப்பட்ட அந்தக் கூலித் தொழிலாளிக்குப் பக்கத்தில் ஒரு சிகிச்சைப் பிரிவு இருந்திருந்தால் என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

2025-ல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற போதை மீட்பு மையங்கள் 25 தொடங்கியது நல்ல விஷயம். ஆனால் பஞ்சாபில் 2017 முதல் வெளிநோயாளர் மையங்களிலேயே பியூப்ரினார்பின் கலந்த மாத்திரை தருகிறார்கள். வேலைக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளும் அந்த வசதி இங்கே தாலுகா மருத்துவமனை வரைக்கும் வர வேண்டும். அதுவரை 14446 இருக்கிறது. போதை மீட்புக்கான கட்டணமில்லாத தேசிய உதவி எண், குடும்பத்தினரும் அழைக்கலாம்.