கணினிக் கேள்வி பதில்: மூன்று கணக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, திருநெல்வேலி சந்திப்பில் எங்கள் குடும்பத்தார் அழைப்பிதழ் அச்சகம் நடத்தி வருகிறார்கள். கடையிலுள்ள மேக் கணினியில் அப்பா, தம்பி, நான் என மூவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகள் உள்ளன. 2023 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு, கடையின் மாடியில் நெட்வொர்க் வட்டு ஒன்றை வைத்து, மேக்கிலேயே உள்ள டைம் மெஷின் வசதி வழியாக அதில் பேக்கப் (காப்பு நகல்) எடுத்து வருகிறோம். எனக்குத் திருமணம் நிச்சயமாகி, வரும் தை மாதம் தென்காசிக்குச் செல்கிறேன். வடிவமைப்பு வேலையை அங்கிருந்தே தொடர்வதற்காகப் புதிய மேக் மினி வாங்கியிருக்கிறோம். கடைக் கணினியின் வேலையை நிறுத்தாமல், பேக்கப்பிலிருந்து என் கணக்கை மட்டும் புதிய கணினிக்குக் கொண்டுவர முடியுமா? புதிய கணினியில் அதே பெயரில் ஒரு கணக்கை ஏற்கெனவே திறந்துவிட்டேன். “உன் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் போதும், அக்கா” என்கிறான் தம்பி. அது சரியா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கடைக் கணினியின் வேலையை நிறுத்தாமலேயே உங்கள் கணக்கை மட்டும் கொண்டுவர முடியும். ஆனால் தம்பி சொல்லும் வழியில் செல்ல வேண்டாம். மேக் கணினி ஒவ்வொரு பயனரையும் பெயரால் மட்டுமல்லாமல் ஓர் எண்ணாலும் அறிகிறது. முதலில் உருவாகும் கணக்கிற்கு 501, அடுத்ததற்கு 502 என்று அந்த எண் வளரும். கடையில் உங்கள் கணக்கு மூன்றாவதாகத் திறக்கப்பட்டிருந்தால் அதன் எண் 503 ஆக இருக்கும். புதிய கணினியில் நீங்கள் முதலில் திறந்த கணக்கோ 501 ஆகிவிட்டது. ஃபோல்டரை இழுத்துப் போட்டால், பெயர் ஒன்றாகவே இருந்தாலும், உங்கள் கோப்புகளையே திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று கணினி மறுக்கக்கூடும். மின்னஞ்சல், சேமித்த கடவுச்சொற்கள், மென்பொருள் அமைப்புகள் ஆகியவை இருக்கும் லைப்ரரி என்னும் மறைந்த ஃபோல்டரில்தான் இந்தச் சிக்கல் பெரிதாக வெடிக்கும். இந்த உரிமை எண்களைச் சரிசெய்துகொண்டே நகலெடுக்கும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் என்னும் மென்பொருள், எல்லா மேக் கணினிகளிலும் ஏற்கெனவே இருக்கிறது.

அதைத் திறப்பதற்கு முன் சில ஆயத்தங்கள் தேவை. கடைக் கணினியில் கடைசியாக ஒருமுறை பேக்கப்பை முழுமையாக ஓடவிடுங்கள். டைம் மெஷின் அமைப்புகளில் உள்ள விலக்குப் பட்டியலில் உங்கள் ஃபோல்டர் ஏதேனும் இடம்பெற்றிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பெரிய ஃபோல்டர்களை யாரேனும் எப்போதோ விலக்கியிருப்பார்கள், அது எவர் நினைவிலும் இருக்காது. புதிய கணினியில் வேறொரு பெயரில் நிர்வாகி உரிமையுள்ள கணக்கு ஒன்றைத் திறந்து, அதிலிருந்தே இந்த வேலையைச் செய்யுங்கள். ஒரே பெயரில் நீங்கள் திறந்த கணக்கில் இன்னும் வேலை எதையும் சேமிக்கவில்லை என்றால், அதை நீக்கிவிடுவதே நல்லது. நீக்காவிட்டால், அதனை மாற்றீடு செய்யலாமா அல்லது வரும் கணக்கிற்கு வேறு பெயர் இடலாமா என்று மைக்ரேஷன் அசிஸ்டென்ட் கேட்கும், அந்த இடத்தில் அவசரத்தில் தவறிவிட வாய்ப்புண்டு.

நெட்வொர்க் பேக்கப்பில் பலரும் தடுமாறுவது கடவுச்சொற்களில்தான். நெட்வொர்க் வட்டிற்குள் நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும், பேக்கப் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் (பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால்) அதற்கான தனிக் கடவுச்சொல், புதிய கணினியின் நிர்வாகி கடவுச்சொல், உங்கள் பழைய கணக்கின் கடவுச்சொல் ஆகிய நான்கும் வெவ்வேறானவை. நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். நான்காவது எதற்கு என்று தோன்றலாம். சேமித்த கடவுச்சொற்களின் பெட்டகமான கீசெயின் கணக்கோடு வரும், அது பழைய கடவுச்சொல்லால்தான் பூட்டப்பட்டிருக்கும். புதிய கணினியில் கணக்கிற்கு வேறு கடவுச்சொல் வைத்தால், பழையதைச் சொன்னால் மட்டுமே அது திறக்கும்.

புதிய கணினியில், கோப்புகளைப் பார்க்க உதவும் ஃபைண்டரில் மாடி வட்டு திறக்கிறதா, அதனுள் கடைக் கணினியின் பெயரோடு ஸ்பார்ஸ்பண்டில் அல்லது பேக்கப்பண்டில் என்று முடியும் கோப்பு தெரிகிறதா என்று முதலில் சோதியுங்கள். ஃபைண்டருக்கே எட்டாத வட்டு மைக்ரேஷன் அசிஸ்டென்டுக்கும் எட்டாது. பிறகு யுடிலிட்டீஸ் ஃபோல்டரிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டென்டைத் திறந்து, டைம் மெஷின் பேக்கப்பிலிருந்து பெறுவதாகத் தேர்ந்தெடுங்கள். அளவுகளைக் கணக்கிட நெட்வொர்க் வழியே நெடுநேரம் ஆகும். பொறுத்திருந்து, எண்கள் எல்லாம் தெரிந்த பின், அப்பாவின் கணக்கு, தம்பியின் கணக்கு, அப்ளிகேஷன்கள், பிற கோப்புகள், கணினி அமைப்புகள் ஆகிய அனைத்திலும் உள்ள குறியை எடுத்துவிட்டு, உங்கள் பெயருக்கு மட்டும் குறியிடுங்கள்.

வைஃபை வேண்டாம், லேன் கேபிளால் ரூட்டரோடு இணையுங்கள். உங்கள் கணக்கு 200 ஜிபி என்று வைத்துக்கொண்டால், 100 மெகாபிட் வேகமுள்ள ரூட்டரில் கணக்குப்படியே ஏறத்தாழ நான்கரை மணி நேரம் ஆகும். சிறு கோப்புகள் மிகுந்திருந்தால் அதனினும் நீளும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்து, அந்நாளைத் தவிர்த்து விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் செய்வதானால் கணினியை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டால் போதாது. ரூட்டருக்கும் மாடியிலுள்ள வட்டிற்கும் யுபிஎஸ் வேண்டும். நடுவில் நின்றுபோனாலும் கலங்க வேண்டாம். அரைகுறையாக வந்த கணக்கை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம்.

உங்கள் தொழிலுக்கு மிகவும் முக்கியமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அழைப்பிதழ் வேலையில் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) முந்தைய தமிழ் எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. அவை உங்கள் கணக்கின் லைப்ரரியில் நிறுவப்பட்டிருந்தால் கணக்கோடு வந்துவிடும். எல்லாப் பயனருக்கும் பொதுவான லைப்ரரியில் இருந்தால் வாரா. அப்போது புதிய கணினியில் பழைய கோப்பைத் திறந்ததும் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதன்மேல் எதையும் சேமித்துவிடாதீர்கள். பொது ஃபோல்டரிலுள்ள எழுத்துருக்களைத் தனியே நகலெடுத்து வந்து நிறுவினால் போதும். மூவரும் பகிர்ந்துகொண்ட ஷேர்டு ஃபோல்டரும், அச்சுப்பொறி அமைப்புகளும், மென்பொருள்களும் இதே காரணத்தால் கணக்கோடு வாரா. மென்பொருள்களைப் புதிதாக நிறுவுவதே நல்லது. ஐகிளவுடில் படங்களின் இடத்தைச் சுருக்கும் வசதியை இயக்கியிருந்தால், மூலப் படங்கள் பேக்கப்பிலேயே இருக்காது. அவற்றை ஐகிளவுடிலிருந்துதான் இறக்க வேண்டும்.

புதிய கணினிக்குத் தென்காசியில் தனி பேக்கப் வட்டு வாங்கிவிடுங்கள். அதுவரை மாடி வட்டையே பயன்படுத்துவதானால், பழைய பேக்கப்பை இக்கணினி ஏற்றுக்கொள்ளட்டுமா என்று டைம் மெஷின் கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த பேக்கப் அப்பாவுக்கும் தம்பிக்கும் இன்னும் தேவை. கடைக் கணினியிலுள்ள உங்கள் கணக்கைப் புதிய கணினி தன் முதல் பேக்கப்பை முடிக்கும்வரை நீக்காதீர்கள். நீக்கும்போதும் வீட்டு ஃபோல்டரை (உங்கள் கணக்கின் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஃபோல்டரை) வட்டுப் படிமம் என்னும் ஒரே கோப்பாகச் சேமிக்கும் தேர்வைக் கொடுங்கள்.

கேள்வி: புதிய மேக்கில் எடுத்த பேக்கப்பை, என் மகளுக்காக வாங்கிய பழைய மேக்கில் ஏற்ற முயன்றால் ஏற்க மறுக்கிறது. ஏன்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பெறும் கணினியின் இயங்குதளம், பேக்கப் எடுத்த கணினியின் இயங்குதளத்திற்குச் சமமாகவோ அதனினும் புதியதாகவோ இருக்க வேண்டும். பழைய மேக்கை மேம்படுத்த முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், பேக்கப்பைப் புதிய மேக்கிலேயே திறந்து, ஆவணங்கள், படங்கள், இசை ஆகிய ஃபோல்டர்களை மட்டும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துக் கொடுங்கள். லைப்ரரி ஃபோல்டரைத் தொட வேண்டாம். புதிய போட்டோஸ் மென்பொருளின் தொகுப்பு பழைய பதிப்பில் திறக்காது. ஆகவே படங்களைத் தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நெட்வொர்க் பேக்கப்பின் குறியாக்கக் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். பழைய கணினி இன்னும் ஓடுகிறது. வழியுண்டா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: பழைய கணினி ஓடுவதால் வழியுண்டு. பேக்கப் தானாக நடப்பதற்காக அக்கடவுச்சொல்லை அக்கணினி தன் கீசெயினில் சேமித்து வைத்திருக்கும். கீசெயின் ஆக்செஸ் மென்பொருளில் சிஸ்டம் என்னும் பிரிவில் டைம் மெஷின் தொடர்பான பதிவைத் தேடித் திறந்து, நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது தெரியும். இன்றே எழுதி வையுங்கள். அக்கணினி நின்றுவிட்டால் அந்தக் குறியாக்கத்தை உடைத்துத் தர எவராலும் இயலாது.