பழமும் பனீரும் சேர்த்து பேக் செய்யும் காலை உணவு: ரப்பராகாமல், தண்ணீர் விடாமல் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: காலைச் சாப்பாட்டில் புரதம் கூடுதலாக இருக்க வேண்டும், பழமும் சேர வேண்டும், ஓவனில் ஒரே தட்டாக வைத்து எடுக்க வேண்டும். புரதப் பொடி போட்டால் ரப்பர் மாதிரி வருகிறது, அடியில் தண்ணீர் தேங்குகிறது. என்ன செய்யலாம்?

பொடியைத் தள்ளி வைத்துவிட்டு பனீரை எடுங்கள். பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன் (பனீராகத் திரள்வது பெரும்பாலும் இதுதான்), மீதி வே புரதம் (பால் திரியும்போது பிரியும் நீரில் இருப்பது). கேசீன் சூட்டுக்கு அவ்வளவாக மசியாது. பால் பொங்கினாலும் திரியாமல் இருப்பது அதனால்தான். வே புரதம் அப்படியல்ல, 70 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கிவிடும். கடையில் டப்பாவில் விற்கிற பொடி பெரும்பாலும் இதுதான். 180 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் கிடந்தால் அது கெட்டியாகி, தனக்குள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். போதாததற்குப் பழமும் தன் பங்குக்குத் தண்ணீர் விடும். கேக் செய்வதாக நினைத்துச் செய்வதுதான் இங்கே சிக்கல். இதை முட்டையும் பாலும் மெதுவாக இறுகி வரும் ஒரு கஸ்டர்ட் போல நடத்த வேண்டும்: மிதமான சூடு, பழத்தின் நீரை முன்கூட்டியே வற்ற வைப்பது, சரியான நேரத்தில் வெளியே எடுப்பது.

ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. த்வோரக் என்ற புளித்த பாலின் கட்டியோடு முட்டை, ரவை, சர்க்கரை கலந்து, ஆப்பிளோ உலர்திராட்சையோ போட்டு பேக் செய்வார்கள். ஸபெகான்கா என்று பெயர். அங்கே பாலர் பள்ளிப் பருவத்திலிருந்தே பழகிய சாப்பாடு. நம் ஊரில் த்வோரக் கிடைப்பது அபூர்வம். பனீரையும் வடிகட்டிய தயிரையும் சேர்த்து அரைத்தால் அதே பதம் வந்துவிடுகிறது.

மூன்று பேருக்கு அளவு சொல்கிறேன். பனீர் 200 கிராம், முட்டை 3, நீர் வடித்த தயிர் 150 கிராம், ரவை 3 மேசைக்கரண்டி (30 கிராம்), சர்க்கரை 35 கிராம், ஆப்பிள் நடுத்தர அளவில் இரண்டு, சீவிய பாதாம் 25 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் அல்லது பட்டைத் தூள். மொத்தப் புரதம் 74 கிராமுக்குப் பக்கம் வரும்: பனீரில் 36, முட்டையில் 18, தயிரில் 11, பாதாமில் 5, மீதி ரவையிலும் பழத்திலும். தலைக்கு 24, 25 கிராம். நாலு இட்லியில் கிடைப்பது சுமார் 8 கிராம்தான்.

தயிர் புளிக்காததாக இருக்கட்டும். 400 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டிக்குள் வைத்து ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் விட்டால் தேவையானது கிடைத்துவிடும். வடிந்த நீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.

ஆப்பிளை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, வாணலியில் ஒரு டீஸ்பூன் நெய்யில் நாலைந்து நிமிடம் வதக்குங்கள். முதலில் நீர் விடும், பிறகு அந்த நீர் வற்றும், துண்டுகளின் ஓரம் கண்ணாடி போலத் தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். குழைய விடக் கூடாது. தட்டில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு கலந்தால் பழத்தைச் சுற்றியுள்ள முட்டை அங்கேயே வெந்து திட்டுத் திட்டாகிவிடும்.

பனீர் ஃபிரிட்ஜிலிருந்து கல்லாக வந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, நன்றாக நீர் வடித்து உதிர்த்துக்கொள்ளுங்கள். அதைத் தயிர், சர்க்கரை, உப்போடு மிக்ஸியில் அரைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் ஒரு குருணைகூடத் தட்டுப்படக் கூடாது. ஓவனுக்குப் போன பிறகு குருணை இன்னும் கெட்டியாகுமே தவிரக் கரையாது. முட்டையை மிக்ஸியில் போடாதீர்கள். நுரை கட்டி, ஓவனில் புஸ்ஸென்று எழும்பி, வெளியே எடுத்ததும் அமுங்கி, உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும். தனியாகக் கரண்டியால் அடித்து, அரைத்த விழுதில் கலக்குங்கள். ரவையைச் சேர்த்து இருபது நிமிடம் ஊற விடுங்கள். பேக் ஆகும்போது கசியும் நீரைப் பிடித்துவைப்பது இந்த ரவைதான். ஊறாமல் போனால் பல்லில் நறநறக்கும். கடைசியாகப் பழம்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டில் வெண்ணெய் தடவி ஊற்றினால் இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் வரும். அதற்கு மேல் வேண்டாம், நடு வேகும் முன்பே ஓரம் காய்ந்துவிடும். மேலே பாதாம் தூவி, பத்து நிமிடம் முன்சூடு செய்த ஓவனில் 170 டிகிரியில் 35 நிமிடம். கண்ணாடித் தட்டென்றால் 160 போதும், நேரம் சற்றுக் கூடும். சின்ன ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்) மேல் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். பால் சர்க்கரையும் புரதமும் சேர்ந்தது சட்டென்று சிவந்துவிடும். கீழ்த் தட்டில் வையுங்கள், இருபதாவது நிமிடமே சிவந்தால் ஃபாயிலைத் தளர்வாக மூடுங்கள்.

நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஓரம் கெட்டியாகி, தட்டை லேசாக அசைத்தால் நடுவில் ஒரு எலுமிச்சை அளவு இடம் மட்டும் தளதளவென்று ஆட வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 75 முதல் 78 டிகிரி. முட்டை பாதுகாப்பாக வேக 71 போதும், ஆகவே பயம் வேண்டாம். 85ஐத் தாண்டினால் நீர் பிரியத் தொடங்கும். அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து பத்து நிமிடம் உள்ளேயே விட்டு, வெளியே இன்னும் இருபது நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். சுடச்சுட வெட்டினால் பதமாக வெந்ததுகூடத் தண்ணீர் விடும். சற்று அமுங்குவது இயல்பு.

பழம் மாற்ற ஆசைப்பட்டால் என் முதல் தேர்வு நேந்திரன். தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாக எடுத்தால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம், வதக்கவும் வேண்டாம், வட்டமாக நறுக்கி அப்படியே போடலாம். பேரிக்காயும் ஊட்டி பிளம்ஸும் ஆப்பிள் மாதிரிதான், வதக்கியே ஆக வேண்டும். அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பச்சையாகத் தயிரில் பட்டால் கசந்து நீர்த்துப்போகும். நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். பப்பாளிக்கும் இதே விதி. தர்பூசணி, கிர்ணி வேண்டவே வேண்டாம். கறுப்புத் திராட்சை போடும் நாளில் சமையல் சோடா சேர்த்துவிடாதீர்கள், சோடாவின் காரத்தன்மை பட்டால் திராட்சையின் நிறமி சாம்பல் பச்சையாகிவிடும்.

சர்க்கரையை முழுதாக எடுத்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. புரதம் இறுகுவதைத் தாமதப்படுத்தி மென்மையைக் காப்பதும் அதுதான். இல்லாமல் செய்தால் ஐந்து நிமிடம் முன்பாகவே பார்க்கத் தொடங்குங்கள். ஊறவைத்து அரைத்த பேரீச்சம்பழம் நல்ல நடுவழி.

புரதப் பொடி போட்டே தீர வேண்டும் என்றால் இந்த அளவுக்கு 30 கிராம் வரை தாங்கும். ரவையைப் பாதியாக்கி, நாலு மேசைக்கரண்டி பால் கூட்டி, சூட்டை 160ஆகக் குறையுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்கள் பொட்டுக்கடலை மாவு 30 கிராம், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) 2 டீஸ்பூன், பால் 100 மில்லி, பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன் சேர்க்கலாம். கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், புரதம் தலைக்கு 21 கிராம் அளவுக்கு இறங்கும்.

ஓவனே இல்லையென்றால் இட்லிப் பானையில் மிதமான தீயில் 25 நிமிடம் வேகவைக்கலாம். ஆவி நீர் சொட்டாமல் இருக்கத் தட்டின் மேல் மூடி போட வேண்டும். சிவந்த மேல்தோல் கிடைக்காது, பதம் கிடைக்கும்.

முந்தின இரவே செய்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது நீர் பிரியும். மறுபடி சூடாக்க மைக்ரோவேவில் பாதி சக்தியில் 45 வினாடி போதும். முழுச் சக்தியில் வைத்தால் அதே ரப்பர் திரும்பி வந்துவிடும்.