பொக்லைன் பூமில் வெல்டிங் போட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி விரிசல் விடுகிறதே, ஏன்?

20 டன் வண்டி, எட்டு மாதத்தில் மூன்று தடவை பூமை, அதாவது வண்டியோடு சேரும் பெரிய கையை, வெல்டிங் செய்தும் அதே இடம் விடுகிறது, இந்த முறை மேலே தடியாகப் பிளேட் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். முதலில் பழைய வெல்டிங்கை முழுக்கத் தோண்டி எடுங்கள்.

பெங்களூரு பீன்யாவில் இருபது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். போன வருடம் சிக்கபள்ளாப்பூர் பக்கத்துக் குவாரியிலிருந்து இதே கதையோடு ஒரு வண்டி வந்தது. ஆபரேட்டர் தருமபுரித் தம்பி. "அண்ணே, மூணு தடவை போட்டாச்சு, பிளேட்டும் வச்சாச்சு, நிக்கவே மாட்டேங்குது" என்றார். பிளேட்டை வெட்டி எடுத்தால், வெளியே ஒரு சாண் தெரிந்த விரிசல் அடியில் ஒரு முழம் ஓடியிருந்தது. சுத்தமாகத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடித்தோம். கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தோம். வெள்ளை காயக் காய, விரிசலுக்குள் இறங்கியிருந்த சாயம் மெல்லிய கோடாக மேலே ஊறி வந்தது. கண்ணுக்கு விரிசல் முடிந்த இடத்தையும் தாண்டி இன்னும் இரண்டு விரல்கடை. மூன்று தடவையும் யாரும் தொடாமல் விட்டது அந்த இரண்டு விரல்கடையைத்தான். பூம் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் இழுவிசை விரிசலின் நுனியில்தான் குவியும். மேலே என்ன மூடினாலும் அது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

நுனியைத் தாண்டி ஒரு துளை போட்டுக்கொண்டு கௌஜிங் செய்யுங்கள், அதாவது பழைய வெல்டிங்கை விரிசலோடு உருக்கித் தோண்டி எடுங்கள். தோண்டும் சூட்டில் விரிசல் மேலும் ஓடாமல் இருக்கத்தான் துளை. துளை போட்டதோடு வேலை முடிந்தது என்று வண்டியை ஓட்டுகிறார்கள், அது ஓரிரு நாள் சமாளிப்பு மட்டுமே. கௌஜிங் விட்ட கருப்புப் படலம் போய் இரும்பு பளபளக்கும்வரை கிரைண்டர் பிடித்து, மறுபடி சாயம் அடித்துப் பாருங்கள். கோடு வந்தால் இன்னும் தோண்ட வேண்டும்.

அப்புறம் வெல்டிங் ராடு. 7018 போன்ற லோ ஹைட்ரஜன் ராடுதான் வேண்டும், அதுவும் காய்ந்த ராடு. இங்கே மழைக்காலத்தில் பாக்கெட்டைப் பிரித்து மூலையில் போட்டு வைப்பார்கள், ராடு ஈரத்தைக் குடித்துவிடும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டிங் ஓரத்து இரும்புக்குள் புகுந்து, ஆறிய பிறகு மணிக்கணக்கில், சில சமயம் இரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். அதனால் 300 டிகிரிக்கு மேல் ஓவனில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுட்டு, சூடாகவே வைத்து எடுத்துப் போட வேண்டும். பூமையும் 100 முதல் 150 டிகிரிவரை சூடாக்கிக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வரியாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் படியும் கசடைத் தட்டி, கடைசியில் போர்வை மூடி மெதுவாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றுகிற பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. ஆறியதும் வெல்டிங் ஓரத்தைப் பூமின் நீளவாக்கில் வழுவழுப்பாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலே அடுத்த விரிசலுக்கு வழி.

இதற்குப் பிறகும் பிளேட் தேவை என்றால் முனையைச் சதுரமாக வெட்டாமல் மீன்வால் போல வெட்டி வையுங்கள். சதுர முனையில் குறுக்கே போடும் வெல்டிங்தான் முதலில் விடும்.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியையும் கன்ட்ரோலர் கனெக்டர்களையும் கழற்றிவிடுங்கள். எர்த்தைப் பூமிலேயே, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் கொடுங்கள். டிராக்கில் கொடுத்தால், பூமை மாட்டியிருக்கும் பின் (ஊசி), அது உட்காரும் புஷ், வண்டி மேல்பாகம் சுழலும் ஸ்லூ பேரிங் வழியாகக் கரண்ட் பாய்ந்து அவற்றைக் கெடுத்துவிடும்.

சரி, விரிசல் ஏன் வந்தது? அந்தக் குவாரி வண்டியில் பூம் அடி புஷ் தேய்ந்து, பின் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் இருந்தால் பாரம் ஒரு பக்கத்துக்கே போகும். அதோடு நாள் முழுக்க பிரேக்கர், பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டிப் பாறையை இடித்து உடைக்கும் உளி. லால்பாக்கில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழம்பாறை பெங்களூரு மண்ணுக்கடியில் பல இடங்களில் கிடக்கிறது, வெடி வைக்க முடியாத இடத்தில் பிரேக்கர்தான் வழி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரேக்கர் உளியைக் கடப்பாரை மாதிரி நெம்புவதையும், சிலிண்டர் முழுக்க நீண்ட நிலையில் அடிப்பதையும், பக்கெட்டைப் பக்கவாட்டில் வீசிக் கல்லைத் தள்ளுவதையும் நிறுத்தலாம். புஷ்ஷை மாற்றினோம், தம்பியிடம் இதையெல்லாம் சொன்னோம். வாரம் ஒரு முறை வண்டியைக் கழுவும்போது வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் மேல் முடி போலக் கோடோ துருக்கறையோ தெரிகிறதா என்று அவர் பார்க்கிறார். இதுவரை இல்லை.

வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை சாயம் அடித்துப் பார்த்த பிறகே பெயின்ட் அடியுங்கள். உங்கள் விரிசல், பின் ஊசி உட்காரும் வார்ப்புப் பகுதியில் இருந்தால் முறை வேறு. அந்த இடத்தைத் துடைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.