குடிப்பழக்கத்துக்கு மூளையில் லேசான மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை பலன் தருமா? ஏற்காடு எஸ்டேட்டில் இருக்கும் அப்பாவுக்காகக் கேட்கிறேன்

சிலருக்குத் தரலாம். டாக்டர்கள் இதை tDCS என்பார்கள். ஆனால் கரண்டு வைத்தால் குடி நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேலத்தில் என் மச்சானுக்கு இது நடந்தபோது கூடவே உட்கார்ந்திருந்தேன்.

மச்சானுக்குச் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை. டாக்டர் பேச்சை எடுத்ததுமே, சினிமாவில் வரும் ஷாக் ட்ரீட்மெண்ட் என்று நினைத்து அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். அது வேறு. அதில் மயக்க மருந்து கொடுத்து, சுமார் 800 மில்லி ஆம்பியர் செலுத்தி, வேண்டுமென்றே வலிப்பை வரவைப்பார்கள். இதில் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர்தான். ஆள் விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சை நெற்றிக்கு மேலே இரு பக்கமும் வைத்து ரப்பர் பட்டையால் கட்டுவார்கள். 20 நிமிடம். ஆரம்பத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அரிக்குமாம். கன்னத்தில் வழியும் தண்ணீரைத் துடைப்பதுதான் என் வேலை. கழற்றியதும் தோல் சதுரமாகச் சிவந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

ஸ்பாஞ்சுக்குக் கீழே இருப்பது மூளையின் முன்பகுதி. ஆசை வரும்போது கடிவாளம் பிடிக்கிற பகுதி அது. வருஷக்கணக்கான குடியில் தளர்ந்துபோகும். இந்த மின்சாரம் அங்குள்ள நரம்புச் செல்கள் தூண்டப்படும் தன்மையைக் கொஞ்சம் மாற்றுகிறது, அவ்வளவுதான். ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. மின்சாரமே கொடுக்காமல் சும்மா ஸ்பாஞ்சு கட்டியவர்களுக்கும் வேட்கை குறைந்ததுண்டு. 2020-ல் அமெரிக்காவில் சிகரெட்டை நிறுத்த அனுமதி கிடைத்தது காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் வேறொரு முறைக்கு, இதற்கு அல்ல.

பெரிய வேலை மெஷினுக்கு முன்பே முடிந்திருந்தது. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் வார்டில் சேர்த்து மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்தார்கள். குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் கவுன்சலிங்கும் இன்னும் ஓடுகின்றன. இதில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மச்சானைக் கேட்டால், "சனிக்கிழமை கூலி வாங்கினா முன்னெல்லாம் காலு தானா டாஸ்மாக் பக்கம் திரும்பும். இப்ப யோசிக்க ஒரு நிமிஷம் கிடைக்குது" என்கிறார்.

இந்தச் சிகிச்சையில் ஓடுவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதைக் கேட்டுவிட்டுப் பட்டறையில் ஒருவர், "முலாம் போடுற ரெக்டிஃபையரும் டிசிதானே, நாமளே வெச்சுக்கலாமே" என்று கேட்டார். தயவுசெய்து வேண்டாம். முலாம் தொட்டியில் ஓடுவது ஆம்பியர் கணக்கில். சாதாரண 9 வோல்ட் பேட்டரிகூட, கரண்டை மட்டுப்படுத்தும் கருவி இல்லாவிட்டால், தோலைப் பொசுக்கிவிடலாம். அப்பாவுக்கு வலிப்பு நோய், பேஸ்மேக்கர், தலையில் உலோகத் தகடு ஏதாவது இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். கிளம்பும் முன் பேச வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். மெஷின் சிகிச்சை என்று முடிவானால் வழக்கமாக நாள்தோறும் வரச் சொல்வார்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் தினமும் இறங்கி ஏறுவது அவருக்கு ஆகாது; அந்தச் சில நாளைக்குச் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள், டாஸ்மாக் இல்லாத தெருவாகப் பார்த்து.